பட்டம் கடல் கடக்குமா?

படிப்பு முடியும் தறுவாயில் இருக்கும் மாணவனைக் கண்டவர் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்து என்ன?" என்பதே அது. வேதியியல் எம்.எஸ்ஸி. இறுதியாண்டில் இருக்கும் என்னிடமும் அதை நாள்தோறும் கேட்கிறார்கள். விடுதியில் கேட்கிறார்கள், ஆய்வுக்கூடத்தில் கேட்கிறார்கள், ஊரிலிருந்து வரும் தொலைபேசியிலும் கேட்கிறார்கள். கேட்கிறவர்களே விடையையும் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள். "வெளிநாடு போய்விட வேண்டியதுதானே!"

வெளிநாட்டு உத்தியோகத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, விமானத்தை விட்டு இறங்கியதும் வேலையும் வீடும் காரும் காத்திருக்கும் என்ற கதை. மற்றொன்று, நம்மூரில் டாக்டராக இருந்தவர் அங்கே டாக்சி ஓட்டுகிறார் என்ற கதை. முதற்கதையைக் கேட்டு மயங்குகிறோம். இரண்டாவதைக் கேட்டு அஞ்சுகிறோம். இரண்டுக்கும் நடுவே நீண்டதொரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் ஒருவர் நான்கு ஆண்டு நடந்ததைத் தொலைபேசி வழியாகக் கூடவே இருந்து கேட்டவன் நான். அவர் என் அக்கா. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். கொஞ்சம் வயலும் உண்டு. எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அக்காதான். மதுரையில் பி.பார்ம். படித்தார். தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தார். டாக்டர் எழுதிய அளவில் ஐயம் வந்தால் மாடியேறிச் சென்று அவரிடமே கேட்டுவிட்டு வருவார். "உன் அக்கா பார்த்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம்" என்று ஊரில் சொல்வார்கள். திருமணத்திற்குப் பின் 2021இல் அக்காவும் அத்தானும் கனடா நாட்டின் டொராண்டோ நகரத்திற்குக் குடிபெயர்ந்தார்கள்.

கனடா 2015 முதல் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்னும் முறையில் குடியேறுவோரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. வயது, படிப்பு, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றிற்கு மதிப்பெண் இடுகிறார்கள். அத்தானின் படிப்போடு அக்காவின் படிப்பையும் எடைபோட்டுப் பார்த்து, அது கனடாவின் இளநிலைப் பட்டத்திற்கு ஈடானது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கண்டதும் வீட்டில் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. பட்டம் கடல் கடந்துவிட்டது என்றே எண்ணினோம்.

அங்கே போன பிறகுதான் ஓர் உண்மை தெரிந்தது. ஒருவரை நாட்டுக்குள் விடுவது ஓர் அலுவலகம். அவரைத் தொழிலுக்குள் விடுவது வேறோர் அலுவலகம். முன்னது மத்திய அரசின் கையில் இருக்கிறது. தொழில்களை முறைப்படுத்தும் அதிகாரமோ பெரும்பாலும் மாகாணங்களுக்கு உரியது. கனடாவில் மாகாணங்கள் பத்து. அந்நாட்டு வேலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உரிமம் பெற்றவர்களே செய்யக்கூடியவை. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பொறியாளர், ஆசிரியர் என்று நம்மவர் பெருமையோடு சொல்லும் தொழில்கள் பெரும்பாலும் அந்த ஒரு பங்கிற்குள்தான் இருக்கின்றன.

அத்தான் கணினித் துறையினர். அதற்கு உரிமம் ஏதும் வேண்டியதில்லை. நான்காம் மாதத்தில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. அக்காவின் பயணம் அப்போதுதான் தொடங்கியது.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து இந்தத் தலைநகருக்குப் படிக்க வந்தபோது என் பட்டத்தை எவரும் ஐயுறவில்லை. என் இந்தியைத்தான் ஐயுற்றார்கள்! அக்காவே இங்கு வந்திருந்தால், 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின்கீழ் தம் பதிவைத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். புதிதாகத் தேர்வு எழுத வேண்டியதில்லை. அந்த வசதி நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது.

கனடாவில் வெளிநாட்டு மருந்தாளுநர் முதலில் தம் சான்றுகளை மருந்தாளுநர் தேர்வு வாரியத்திடம் காட்ட வேண்டும். அதன்பின் மதிப்பீட்டுத் தேர்வு. அதில் வென்றால் தகுதித் தேர்வு. அதுவும் இரண்டு பகுதி. பிறகு மாகாணத்தின் சட்டத்தைப் பற்றிய தேர்வு, மொழித் தகுதி, மேற்பார்வையில் பணிபுரிந்து காட்டுதல் என்று வரிசை நீளும். தேர்வுகள் ஆண்டுக்குச் சில முறையே நடக்கும். ஒன்று தவறினால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதற்படியிலேயே ஒரு தடங்கல். அது எதனால் என்று சொன்னால் நம் மன்றத்தில் அனைவரும் சிரிப்பீர்கள். தலைப்பெழுத்தினால்! கல்லூரிச் சான்றிதழில் அக்காவின் பெயருக்கு முன் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், அதுவும் குடும்பப் பெயராக. கவுன்சில் பதிவிலோ அந்த எழுத்து பெயருக்குப் பின்னால். மூன்று தாளிலும் இருப்பவர் ஒருவரே என்று மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையொப்பம் வாங்கி அனுப்ப வேண்டியதாயிற்று. மதிப்பெண் பட்டியலையும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் முத்திரையிட்டு நேரே அனுப்ப வேண்டும் என்றார்கள். அதற்காக அப்பா திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் எத்தனை முறை பேருந்து ஏறினார் என்பதை நான் அறிவேன். இந்தச் சான்றுகள் போய்ச் சேரவே ஓராண்டு ஓடிவிட்டது.

அந்த ஓராண்டும் அதற்கு அடுத்த சில மாதங்களும் அக்கா ஒரு பண்டகக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பார்த்தார். 2022 அக்டோபரில் ஒண்டாரியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.50 டாலர்; அவருக்குக் கிடைத்தது அதைவிடச் சில காசுகள் அதிகம். இரவு வேலை. காலையில் திரும்பி வந்ததும் எனக்குப் பேசுவார். நம் நாட்டில் அப்போது மாலை. "ஏல, இன்னைக்கு என்ன படிச்ச?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். தம்மைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார். ஒருநாள், "கையெல்லாம் அட்டைப்பெட்டி கிழிச்சிட்டுல. அம்மாட்ட மட்டும் சொல்லிராத" என்றார்.

அம்மாவோ ஊரில், "என் மக கனடாவில் மருந்தாளுநர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஏதும் இல்லை. அவர் அறிந்தது அவ்வளவே. ஆனால் அந்தச் சொல் ஒவ்வொன்றும் அக்காவின் தோளில் ஒரு சுமையாக ஏறியது. வேலை கடினம் என்று அவர் ஒருபோதும் அழுததில்லை. உறவினர் திருமணத்தில் எவரோ, "அங்கே உனக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று வீடியோவில் கேட்டதற்குத்தான் அன்றிரவு அழுதார். தொழிலை இழப்பதைவிட, இழக்காததுபோல் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பது கொடிது என்பதை அன்று உணர்ந்தேன்.

2023 பொங்கலன்று அக்கா தாமே அதற்கு முடிவு கட்டினார். வாழ்த்துச் சொல்ல அழைத்தவர், கிடங்கு வேலையைப் பற்றி அப்பாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா வாயடைத்துப் போய்விட்டார். அப்பா சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு சொன்னார்: "நாத்தங்கால்ல எவ்வளவு பச்சையா இருந்தாலும், பிடுங்கி நட்டா பயிரு வாடத்தான்மா செய்யும். நட்ட மறுநாளே பச்சையா நிக்கலையேன்னு எவனாவது வயலைக் குத்தம் சொல்வானா? வேரு பிடிக்கட்டும்." நடவின்போது நுண்ணிய வேர்கள் அறுந்துபோவதால் இலைக்கு நீர் போதாமல் பயிர் வாடுகிறது என்பதும், புதுவேர் விட்டபின் தேறிவிடுகிறது என்பதும் நாம் அறிந்த அறிவியல்தான். ஆனால் அதைத் தக்க நேரத்தில் தக்கவரிடம் சொல்ல அறிவியல் மட்டும் போதாது. அன்றுமுதல் அக்காவின் குரலே மாறியது.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் சினத்தோடு கேட்கலாம். "படித்துப் பட்டம் பெற்று, ஐந்து ஆண்டு அனுபவமும் உள்ளவரை மறுபடியும் தேர்வு எழுதச் சொல்வது அநீதி அல்லவா?" என்று. நானும் அந்தச் சினத்தோடுதான் ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். அவர் விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

"நமக்குப் பாராசிட்டமால். இங்கே அதே மருந்துக்கு அசிட்டாமினோபென்னு பேரு. இந்தப் பேரு தெரியாம நான் ஒருத்தருக்கு ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லிட்டா என்ன ஆகும்?" என்றார். ஈரல் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியும். பெயர் மட்டுமன்று, வேலையே வேறு என்றும் அவர் விளக்கினார். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு நோயாளியிடமும் பேசி, அவர் உண்ணும் மற்ற மருந்துகளைக் கேட்டறிந்து, அறிவுரை கூற வேண்டும். 2023 ஜனவரி முதல் ஒண்டாரியோவில் 13 வகைச் சிறு நோய்களுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்றும், அதே ஆண்டு அக்டோபரில் 19 வகைக்கு என்றும் விதி செய்தார்கள். தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதியில் நடிகர்கள் நோயாளிகளாக வந்து உட்கார்ந்திருப்பார்களாம். நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதோடு, எப்படிக் கேட்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதையும் பார்க்கிறார்கள். உயிரோடு தொடர்புள்ள தொழிலுக்கு இத்தகைய வாயில் வேண்டியதே.

ஆனால் வாயில் வேறு, சுவர் வேறு. வாயிலுக்குத் திறவுகோல் உண்டு. "கனடா அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வி பல ஆண்டுகளாகச் சுவராகவே நின்றது. அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் அனுபவம்! உரிமம் வேண்டாத சாதாரண உத்தியோகங்களிலும் இந்தக் கேள்வி குடியேறியவர்களைத் திருப்பி அனுப்பியது. ஒண்டாரியோவின் மனித உரிமை ஆணையம் 2013இல், கனடா அனுபவத்தைக் கட்டாயமாக்குவது முதல் நோக்கிலேயே பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. 2021இல் இயற்றிய சட்டம், உரிமம் வழங்கும் தொழில் அமைப்புகள் அந்த நிபந்தனையை விதிப்பதைத் தடுத்தது. 2026 ஜனவரி முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் வேலை விளம்பரங்களிலும் அதைக் கேட்கக் கூடாது. சுவர் தானாக இடிந்து விழவில்லை. அதில் மோதிக் காயப்பட்டவர்கள் வாய் திறந்து பேசியதால்தான் இவ்வளவும் நடந்தது. 1983க்குப் பின் போரினால் அங்கு போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் ஆசிரியரும் பொறியாளரும் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தார்கள். பின்னே சென்ற என் அக்கா போன்றவர்கள் அவர்கள் தேய்த்த படிகளில்தான் ஏறுகிறார்கள்.

மதிப்பீட்டுத் தேர்வில் வென்றபின் அக்காவுக்கு ஸ்கார்பரோ பகுதியில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளர் வேலை கிடைத்தது. உதவியாளருக்கு உரிமம் வேண்டாம். ஆனால் நோயாளிக்கு அறிவுரை சொல்லும் உரிமையும் இல்லை. ஒருநாள் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் வந்தார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்து அவருக்கு. அக்காவின் முகத்தைப் பார்த்து, "பிள்ளை, இந்தக் குளிசையோட கீரை சாப்பிடலாமோ?" என்று கேட்டார். விடை அக்காவின் நாவில் இருந்தது. ஐந்து ஆண்டு பலருக்குச் சொன்ன விடை. ஆயினும் அக்கா, "கொஞ்சம் இருங்கோ அம்மா" என்று சொல்லி, உள்ளே சென்று மருந்தாளுநரை அழைத்து வந்தார். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதனால் கீரையைத் திடீரெனக் கூட்டவும் வேண்டாம், அடியோடு நிறுத்தவும் வேண்டாம், நாள்தோறும் ஒரே அளவாக உண்ணுங்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா அதைத் தமிழில் சொன்னார்.

"தெரிஞ்ச பதிலை வாயிலயே வச்சிக்கிட்டு நிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமால?" என்று அன்று மாலை என்னிடம் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பயன் விளைந்தது. தெரிந்திருந்தும் எல்லை மீறாமல் நின்றதை அந்த மருந்தாளுநர் கவனித்திருக்கிறார். பின்னாளில் பயிற்சிக்கு மேற்பார்வையாளர் தேவைப்பட்டபோது, அக்கா கேட்பதற்கு முன்பே அவர் தாமாக முன்வந்தார்.

நான் அறிந்துகொண்டது இதுதான். தொழில் என்பது சான்றிதழில் மட்டும் இருப்பதன்று. "இவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம்" என்று நாலுபேர் சொல்கிறார்களே, அந்த நம்பிக்கையிலும் பாதி இருக்கிறது. அறிவை மூளையில் ஏற்றிக்கொண்டு விமானம் ஏறலாம். சான்றிதழைப் பெட்டியில் வைக்கலாம். நாலுபேர் நம்பிக்கையை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. அது பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. புது ஊரில் அதை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். அதற்குச் செலவாகும் காலத்தைத் தோல்வி என்று எவரும் கணக்கெழுதக் கூடாது.

2025இல் அக்கா மருந்தாளுநராக உரிமம் பெற்றார். இப்போது அதே பகுதியில் வேலை பார்க்கிறார். இதை வெற்றிக் கதையாக முடிக்க அக்காவே சம்மதிக்க மாட்டார். நான்கு ஆண்டு போனது போனதுதான். அவருக்குப் பின் வேலையில் சேர்ந்த தோழி திருநெல்வேலியில் தலைமை மருந்தாளுநர் ஆகிவிட்டார். தேர்வுக் கட்டணங்களுக்கு வாங்கிய கடன் இன்னும் முழுதும் அடையவில்லை. "போகாமலே இருந்திருக்கலாமோ?" என்று நான் கேட்டபோது, "போகாம இருந்திருந்தா அந்த ஆச்சிக்குத் தமிழ்ல யாரு சொல்லியிருப்பா?" என்றார். நான் கேட்டதற்கு அது நேரான விடை அன்று. அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இனி என் செய்திக்கு வருகிறேன். வேதியியல் படித்த நானும் வெளிநாட்டில் வேலை தேடலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவன்தான். எண்ணத் தொடங்கியதும் முதலில் பார்த்தது சம்பளத்தை அன்று. வாயில் எங்கே இருக்கிறது என்பதை. ஒரே நாட்டிலேயே அது வேறுபடுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வேதியியலார் என்று தொழில் நடத்தச் சட்டப்படி பதிவு வேண்டும். ஒண்டாரியோவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஜெர்மனி 2012இல் ஒரு சட்டம் இயற்றி, வெளிநாட்டில் பெற்ற தொழில் தகுதியை மதிப்பிடுமாறு கேட்கும் உரிமையை வழங்கியது. 2024 ஜூன் முதல், தகுதி உடையவர்கள் ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேட ஓர் அட்டையும் தருகிறது. தங்கித் தேடும் அனுமதி வேறு, தொழில் செய்யும் அனுமதி வேறு என்பதை அங்கும் மறக்கக் கூடாது.

அக்காவின் அனுபவத்திலிருந்து நம் நண்பர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. பத்தாம் வகுப்புச் சான்று முதல் பாஸ்போர்ட் வரை பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து சிறியதுதான், ஆனால் ஓராண்டை விழுங்க வல்லது. கல்லூரியை விட்டுப் போகுமுன் பாடத்திட்டத்தின் படியையும் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வையுங்கள். வேலை பார்த்தவர்கள், "நன்னடத்தை உடையவர்" என்ற ஒரு வரிக் கடிதத்தோடு நின்றுவிடாமல், என்ன வேலை, வாரம் எத்தனை மணி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். உங்கள் தொழிலுக்கு அங்கே உரிமம் வேண்டுமா என்பதை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அறிந்துகொள்ளுங்கள்.

நான் போவதாக முடிவாகிவிட்டால் இன்னொன்றும் செய்வேன். செய்தும் விட்டேன் என்றே சொல்லலாம். சென்ற விடுமுறையில் அப்பாவிடமும் அம்மாவிடமும், "போனால் மூன்று ஆண்டு வரை என் உத்தியோகம் என்னவென்று ஊருக்குச் சொல்ல வேண்டாம். நான் பார்க்கும் வேலை எதுவானாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா தலையசைத்தார். அம்மா, "பெட்டி கட்டுற வேலைன்னாலும் சொல்லுய்யா" என்றார். அந்த ஒரு சொல்லை அக்கா 2022இலேயே கேட்டிருந்தால் எத்தனை இரவுகள் அவருக்கு எளிதாகி இருக்கும்!

மன்ற நண்பர்களே, நம்மில் பலர் ஆண்டுதோறும் கடல் கடக்கிறார்கள். முன்னே போன தோழனுக்கோ தோழிக்கோ தொலைபேசியில் பேசும்போது, "இன்னும் உன் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லையா?" என்று கேளாதீர்கள். "எந்தத் தேர்வு வரை வந்திருக்கிறாய்? இங்கிருந்து வாங்கி அனுப்ப வேண்டிய தாள் ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். அப்பா ஏறிய பேருந்தில் நீங்களும் ஒருமுறை ஏறினால், யாரோ ஒருவருக்கு ஆறு மாதம் மிச்சமாகும்.